முப்பத்தொரு கஜம்

கெட்டில் ஹாலோ, மிசௌரி
மார்ச் 6, 2023

அன்புள்ள ஆரின் அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். போன் செய்யலாம்தான், ஆனால் போனில் நமக்கு இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நவம்பரில் எனக்கு வலது தோளில் ஆபரேஷன் நடந்தது. முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் ஆட்களைத் தூக்கித் தூக்கி உட்காரவைத்ததற்குக் கிடைத்த பரிசு. இப்போது கை தலைக்கு மேல் போகிறது, காப்பிப் பாத்திரத்தைத் தூக்குகிறது. ஆனால் வான்கோழி வேட்டைக்கு எடுத்துப்போகிற பன்னிரண்டு கேஜ் துப்பாக்கியை இனி தொடவே கூடாது, அதன் உதையை இந்தத் தோள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வான்கோழிதானே, கடையில கிடைக்குதே" என்றார். அந்த மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது.

சின்னத் துப்பாக்கிதான் இனி எனக்கு. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும், அது தெரியும்; ஆனால் இருபது கேஜா, இருபத்தெட்டா, எல்லாவற்றிலும் சின்னதான நானூற்றிப்பத்தா? கடைக்காரன் கேட்கும்போதெல்லாம் வேறு வேறு சொல்கிறான். உன்னைப்போலத் தோட்டா தெரிந்தவர் எனக்கு யாரும் இல்லை. அதனால் மானத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

தங்கை,
டெல்ஃபியா

*

மார்ச் 12

டெல்,

கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தோள்தான் என்றதும் நிம்மதி.

இருபது கேஜ் வேண்டாம். அந்தத் துப்பாக்கி இலேசு. அதில் வான்கோழித் தோட்டா போட்டால் உன் பழைய பன்னிரண்டு மாதிரியே உதைக்கும். இருபத்தெட்டு நல்லதுதான், ஆனால் தோட்டா அகப்படாது. நானூற்றிப்பத்து உதைக்கவே உதைக்காது. ஆனால் அதன் தோட்டாவுக்குள் பிடிக்கிற ரவைக் குண்டுகள் கொஞ்சம். ஈய ரவை போட்டால் இருபது கஜம் தாண்டாது. டங்ஸ்டன் ரவை போட்டு நானே தோட்டா அடைத்தால் முப்பது, முப்பத்தைந்து வரை போகும். அதற்கு மேல் என்றால் வான்கோழிச் சேவல் காயத்தோடு ஓடிப்போய் எங்கேயாவது புதரில் சாகும். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்.

அதனால் நீ எங்கே உட்காரப்போகிறாய், எவ்வளவு தூரத்தில் சுட நேரும் என்று தெரியாமல் என்னால் சொல்ல முடியாது.

ஆரின்

*

மார்ச் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்ல ஆள் நீ. எங்கே உட்காரப்போகிறேன் என்பதை நான் பாதிரியாரிடம்கூடச் சொல்ல மாட்டேன். நீ மட்டும் சொல்வாயா? பள்ளிக்கூட நாட்களில் உன் இடத்தைக் கண்டுபிடிக்க உன் பின்னாலேயே வந்தேன் என்று என்னை ஓடையில் தள்ளிவிட்டவன்தானே.

அடர்ந்த காடு, நடுவில் ஒரு வெட்டவெளி. அவ்வளவுதான் சொல்வேன். வருவதானால் முப்பது கஜத்தில் வரும் என்று வைத்துக்கொள்.

வேறு செய்தி: வழுக்கையைத் தவிர எல்லா விதத்திலும் உன் மச்சான் ராய் சௌக்கியம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

தங்கை,
டெல்ஃபியா

*

மார்ச் 23

டெல்,

"வைத்துக்கொள்" என்றால் நான் எதை வைத்துக்கொள்வது? வெட்டவெளி மேட்டில் இருக்கிறதா, சரிவிலா? சேவல் எந்த மரத்தில் அடைகிறது, இறங்கினால் எந்தப் பக்கம் நடக்கிறது? மேலிருந்து கீழே சுடுவது வேறு, சமதளத்தில் சுடுவது வேறு. நானூற்றிப்பத்தில் ரவை ஒரு தட்டு அகலத்துக்குத்தான் விரியும். தூரத்தை நீ ஐந்து கஜம் தப்பாக நினைத்தால் போச்சு.

உன் இடத்தை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? டவுனில் இரண்டு அறையில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் டயர் கடை. காலில் வேறு வீக்கம். துப்பாக்கிகளை எண்ணெய் போட்டுத் துடைத்துவைப்பதோடு சரி.

உன் கடிதம் வந்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன்,
ஆரின்

*

மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

"உன் அண்ணன்" என்று நீ கையெழுத்துப் போட்டதைப் பார்த்து அடுப்பில் வைத்த பன்றிக்கறியைத் தீயவிட்டேன். ராய் ரொட்டியும் குழம்பும் தின்றுவிட்டு உன்னைத் திட்டினார்.

சரி, கேள். நம் அப்பாவின் காட்டு மேட்டை நீ மரக்கம்பெனிக்கு விற்ற பிறகு எனக்கும் போக இடம் இல்லாமல்தான் இருந்தது. அந்த விஷயத்தை இங்கே கிளறவில்லை. ரம்பச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது என்பதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன். இரண்டு வருடமாக மிஸ் வெல்டா தன் நிலத்தில் என்னை விடுகிறார். எண்பத்திரண்டு வயது, தனியாள், யாரையும் வேலிக்குள் சேர்ப்பதில்லை. நான் அவருக்கு மருந்து மாத்திரை எடுத்துக்கொடுக்கப் போவேன், அந்தப் பழக்கம்.

அங்கே ஒரு சேவல் இருக்கிறான். டீக்கன் என்று பேர் வைத்திருக்கிறேன். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைத் தட்டு எடுத்து வருகிற டீக்கன் மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். இரண்டு வசந்தமாக என்னை ஏமாற்றுகிறான். ஓடைக்கு மேலே வெள்ளை ஓக் மரத்தில் அடைவான். விடிந்ததும் கிழக்கே இறங்கி, பழைய வைக்கோல் பாதையோடு வந்து, இடிந்த மாட்டு உப்புத்தொட்டி பக்கம் நிற்பான். நான் தெற்கே சீடார் மரத்தடியில். சமதளம்தான். அடி வைத்து அளந்தேன், முப்பத்தொரு கஜம்.

தங்கை,
டெல்ஃபியா

*

ஏப்ரல் 4

டெல்,

இப்போதுதான் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல முடிகிறது. நானூற்றிப்பத்து போதும். நீ வாங்க வேண்டாம், என்னுடையதைத் தருகிறேன். தோட்டாவும் பத்து அடைத்துவைக்கிறேன். முப்பது கஜத்தில் காகிதம் கட்டிச் சுட்டுப் பார்த்து, குறி சரிசெய்த பிறகு 22-ஆம் தேதி சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன்.

17-ஆம் தேதி வேட்டை சீசன் திறக்கிறது. அந்த வாரம் நீ போகாதே. பெட்டைகள் அவனைச் சுற்றியே இருக்கும், நீ பெட்டை மாதிரி குரல் கொடுத்துக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அடுத்த வாரம் அவையெல்லாம் அடைக்கு உட்காரப் போய்விடும். தனியாகத் தவித்துக்கொண்டு இருபத்தைந்து கஜத்துக்குள் வருவான். சின்னத் துப்பாக்கிக்கு அதுதான் தோது. தோளுக்கும் ஒரு வாரம் கூடக் கிடைக்கும்.

உன் அண்ணன்,
ஆரின்

*

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடியே காத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடு. ஒரு விஷயம் இருக்கிறது, நேரில் சொல்கிறேன். பயப்படாதே, நல்ல விஷயம்தான்.

தங்கை,
டெல்ஃபியா

*

ஏப்ரல் 20

ஆரின்,

நேற்று மிஸ் வெல்டா சாப்பிடக் கூப்பிட்டார். வான்கோழி மார்புக்கறி வறுத்து வைத்திருந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் யாரோ கொடுத்திருப்பார் என்று நினைத்துச் சாப்பிட்டேன். இரண்டாவது வாயில் பல்லில் ஏதோ கடிபட்டது. துப்பிப் பார்த்தால் ஒரு ரவை. கடுகளவு, நசுங்காமல் முழு உருண்டையாக இருந்தது. ஈயமென்றால் எலும்பில் பட்டு நசுங்கியிருக்கும். எனக்குத் தெரிந்து டங்ஸ்டன் வாங்கித் தானே தோட்டா அடைக்கிறவன் ஒருத்தன்தான்.

இந்தக் கறி ஏது என்று கேட்டேன். "உங்கண்ணன்தான் கொண்டாந்து குடுத்தான். திங்கக்கிழமை காலைல, விடிஞ்சு அரைமணி நேரத்துல எல்லாம் முடிஞ்சுபோச்சாம். நீதான் அனுப்பிவெச்சேன்னு சொன்னானே, அனுப்பலயா?" என்றார்.

அனுப்பினேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தட்டில் இருந்த மீதியையும் தின்று முடித்தேன். அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்திருந்தார், வேறு என்ன செய்ய.

என்னைக் காத்திருக்கச் சொன்னாய். நான் காத்திருந்தேன். டீக்கன்தானா என்று மட்டும் எழுது.

டெல்ஃபியா

*

ஏப்ரல் 25

டெல்,

அவன்தான்.

பொய் சொல்லப்போவதில்லை. முதலில் அந்த எண்ணம் எனக்கு இல்லை. உன் கடிதத்தைப் படித்தேன். வெள்ளை ஓக், வைக்கோல் பாதை, உப்புத்தொட்டி. இரண்டு நாள் தூங்கவில்லை. ஆறு வசந்தமாக ஒரு சேவல் கூவி நான் கேட்கவில்லை, டெல். மேட்டை விற்றவன் என்று இந்த வட்டாரத்தில் ஒருத்தனும் என்னை வேலி தாண்ட விடுவதில்லை. நீயும் விட்டிருக்க மாட்டாய். ஆறு வருடம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, தோட்டா வேண்டும் என்றதும் அண்ணன் ஞாபகம் வந்தது உனக்கு. அதுவும் எனக்குத் தெரியாதா?

காட்டுப் பறவை யாருக்கும் சொந்தமில்லை. உனக்கு இன்னும் பத்து வசந்தம் இருக்கிறது. என் காலுக்கு இதுதான் கடைசியாக இருக்கலாம்.

நீ கேட்டதற்குப் பதில்: உன் சீடார் மரத்தடியில்தான் உட்கார்ந்தேன். முப்பத்தொரு கஜம், நீ அளந்தது சரி. நானூற்றிப்பத்து, ஒரே தோட்டா. நின்ற இடத்திலேயே விழுந்தான். அவன் நெஞ்சில் தொங்கிய தாடிமுடியை உனக்காக எடுத்துவைத்திருக்கிறேன்.

துப்பாக்கியை எப்போது கொண்டுவரட்டும்?

ஆரின்

*

மே 1

ஆரின்,

துப்பாக்கி வேண்டாம். தாடியும் வேண்டாம்.

மிஸ் வெல்டா உன்னை உள்ளே விட்டது நீ என் பெயரைச் சொன்னதால் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? "உன் அண்ணன்" என்று நீ எழுதிய கடிதம் வந்த வாரமே நான் அவரிடம் போய்க் கேட்டேன். முடியாது என்றார். மரம் வெட்டியதில் அவர் ஓடையில் ஒரு கோடை முழுக்கச் சேறு ஓடியது, அதை அவர் மறக்கவில்லை. இன்னொரு தடவை போனேன். மூன்றாவது தடவை போனபோது, "சரி, வரட்டும். ஆனா அவன் என்ன பண்ணாலும் நீதான் பொறுப்பு" என்றார். அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு உனக்குச் சொல்ல வைத்திருந்த விஷயம் அதுதான்.

நேற்று அவரிடம் போய், நான் உன்னை அனுப்பவில்லை, தட்டின் முன்னால் பொய் சொல்லிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். எவ்வளவு நாளைக்குத்தான் அவர் மருந்தை எடுத்துக்கொடுத்துக்கொண்டே அந்தப் பொய்யோடு இருப்பது. அவர் சத்தம் போடவில்லை. என்னோடு காட்டுப் பக்கத்துக் கேட் வரை நடந்துவந்து, நான் வெளியே போனதும் அதில் சங்கிலி போட்டுப் பூட்டினார். "ரெண்டு பேருக்குந்தான்" என்றார். மாத்திரைக்கு மட்டும் முன்வாசல் வழியாக வரச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இடம் போனது, உனக்கும் போனது. அது போகட்டும்.

தோட்டாவுக்காகத்தான் எழுதினேன் என்கிறாய். ஆமாம், முதல் கடிதம் அதற்குத்தான். இரண்டாவது, மூன்றாவது அதற்கில்லை. சின்னத் துப்பாக்கி பற்றிச் சொல்ல டவுனில் ஆள் இல்லாமலா போய்விட்டது?

அந்த வார முடிவில் என் தோள் தயாராகாது என்று எனக்கே தெரியும். உன்னை சீடார் மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, நான் பின்னால் இருந்து பெட்டை மாதிரி கூப்பிடுவதாக இருந்தேன். டீக்கனை நீ சுடுவதாகத்தான் இருந்தது. ராயிடம்கூடச் சொல்லியிருந்தேன், கேட்டுப் பார்.

ஐந்து நாள் பொறுத்திருந்தால் நானே உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இனி எழுதாதே.

டெல்ஃபியா