நைனாவுக்கு நான் கொடுத்த காய்ச்சல்

மே 12, செவ்வாய்

அடுத்த வாரம் ஊட்டி. எனக்கு, பொண்டாட்டிக்கு, புள்ளைங்க ரெண்டுக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. சின்னவ இந்த வெயில்ல ஸ்வெட்டரைக் கழட்ட மாட்டேங்கறா.

போற நாள் பாத்துதான் ஏரியில எங்க பாடு வருது. அன்னிக்கு வலை போடற முறை எங்களுது, விட்டா போச்சு. நோவு, சாவுன்னாதான் ஊர்ல முறையை மாத்திக்குவாங்க. மலை பாக்கப் போறேன்னு சொல்ல வாய் வரல. "நைனாவுக்கு விடாத காய்ச்சல், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில சேக்கணும்"னு எங்ககூட ஏரியில வலை போடற ஏகாம்பரத்துகிட்ட சொன்னேன். மறுபேச்சு பேசாம தன்னோட முறையை எனக்குக் கொடுத்துட்டு என்னுதை எடுத்துக்கினான்.

இன்னிக்கு சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்து நிக்கறான். கையில உயிர் நண்டு. "மாமாவுக்கு ரசம் வெச்சுக் குடு"ங்கறான். நைனா அப்பதான் கடைத்தெருவுக்குப் போய்ட்டு வந்து சைக்கிளை நிறுத்தறாரு. அவருகிட்ட நான் எதையும் சொல்லல.

"இன்னா மாமா, காய்ச்சல் எப்டி கீது? அடுத்த வாரம் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில சேக்கறாங்களாமே?"

நைனா நண்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "அசதிதான்பா, வேற ஒண்ணும் இல்ல"ன்னுட்டு உள்ள போய்க் கட்டில்ல படுத்துப் போர்வையை இழுத்துப் போத்திக்கினாரு. ஏகாம்பரம் போறவரைக்கும் எழுந்திருக்கல.

அவரு திட்டியிருந்தா தேவலாம். ரசத்தைக் குடிச்சு முடிச்சுட்டு மெதுவா கேட்டாரு. "நீங்க ஊட்டி போறப்ப நான் ஆஸ்பத்திரியில இருக்கணும், இல்ல? எங்கடா போய் இருக்கட்டும்?"

டிக்கெட் எடுத்த அன்னிக்கு அவரைப் பத்தி நெனைக்கவே இல்லன்னு நான் எப்டி சொல்றது.