பெயர் எழுதக்கூடாத தாள்

நீலகங்காவுக்கு, சங்கணப்பா எழுதுவது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் குடியை விட்டு, இப்போது தோட்ட வேலையும் பார்க்கிற இந்த பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஜக்கரண்டா மரங்கள் பூத்துவிட்டன. தரையெல்லாம் ஊதா. பெருக்க மனம் வராமல், வானத்தின் மேல் நடப்பவன் போல நடக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. ஸ்பூர்த்தி என்று, என்னைத் தாத்தா முறையில் 'அஜ்ஜா' என்று கூப்பிடும் மாணவி, குடிப்பழக்கத்தையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பழைய நோயாளி என்பதால் எனக்கும் கேள்வித்தாள் கொடுத்தாள். காலை முழுக்க எழுதி, கடைசியில் என் பெயரைப் பெரிதாகப் போட்டேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அஜ்ஜா, பேரு போடக்கூடாதுன்னு மேலயே இருக்கே! யாரு எழுதினதுன்னு எனக்கே தெரியக்கூடாது."

"அறுபத்தெட்டு வருஷம் கைநாட்டு வெச்சவன்மா. இப்பதான் பேரு எழுத வந்திருக்கு, அதையும் மறைக்கச் சொல்றியே!"

சிரித்துக்கொண்டே வேறு தாள் தந்தாள். "அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்றாள்.

நான் கிழிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். உன்னை நீயே காயப்படுத்தியதுண்டா என்ற ஒன்பதாம் கேள்விக்கு, ஆம் என்று எழுதியிருக்கிறேன். என் இடக்கைத் தழும்பு அரிவாள் தவறிப் பட்டதால் வந்தது இல்லை. நீ மருந்து கட்டிய ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. இப்போது அப்படியெல்லாம் தோன்றுவதில்லை, பயப்படாதே.

வேர்க்கடலைச் சட்னிப்பொடி கொஞ்சம் அனுப்பு. கடைப்பொடியில் உன் கை இல்லை. செடிகளுக்குத் தண்ணீர் விட நேரமாகிவிட்டது. திட்டுவதென்றால் எழுதியே திட்டு. நானே படித்துக்கொள்வேன்.

உன் சங்கணப்பா