மொத டயரே நல்ல டயர்தான்

அன்புள்ள மொட்டைக்கு,

ஜீப்பை விக்கப்போறியாமே. முட்டி வலியில இனிமே ஓட்ட முடியலன்னு உன் பொண்ணு கலைவாணி உழவர்கரை மார்க்கெட்ல சொல்லுச்சு. கத்திரிக்காயைக் கையில வெச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.

லடாக் போகணும்னு நாம ரெண்டு பேரும் மூணு வருசமா டயர் பாத்தோம். மொத வருசம், மலைக் கல்லுக்கு இந்த டயர் தாங்காதுன்னேன். அடுத்த வருசம், அலாய் வீலு பள்ளத்துல விரிசல் விடும், இரும்பு வீலு போடுன்னேன். போட்ட. போன வருசம், டயர்ல வெட்டியிருக்குற பட்டன் ஆழம் பத்தாது, சேத்துல வழுக்கும்னேன். லாரி ஓட்டுனவன் நான் சொன்னா சரியா இருக்கும்னு நம்புன பாரு, அங்கதான்டா மொட்டை நீ ஏமாந்த.

எல்லாம் பொய். மொத டயரே போயிட்டு வந்திருக்கும்.

அவ்ளோ ஒசரத்துல என் நெஞ்சு தாங்காதுன்னு மொத வருசமே டாக்டர் சொல்லிட்டாரு. உன்னக் கெழவா கெழவான்னு கிண்டல் பண்ணிட்டுத் திரிஞ்சவன், அத எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உன்கிட்ட சொல்றது? நான் வரலன்னா நீ வேற எவனையாவது கூட்டிட்டுப் போயிடுவியோன்னும் இருந்துச்சு. உன் முட்டி நல்லா இருந்த மூணு வருசத்த நான்தான் வீணாக்கிட்டேன்.

ஜீப்பை விக்காத. லடாக்குக்குக் கலைவாணி ஓட்டட்டும், நீ பக்கத்துல குந்திக்க. அந்த எடத்துல நான்தான் வர்றதா இருந்துச்சு. இப்ப உனக்கே குடுத்துட்டேன்.

இப்படிக்கு,
உன் பொய்க்காரக் கூட்டாளி