ஆவணி மாசத்து மாத்திரைப் பொட்டலங்கள்

ஓட்டுன லாரிக்கும் பெத்த பிள்ளைகளுக்கும் ஒரே அளவு பயந்த எங்க அப்பாவுக்கு,

உங்க மூணாம் வருஷத் திதி நல்லபடியா முடிஞ்சுது. காக்கா சோறு எடுக்க ரொம்ப நேரமாச்சு. வந்தது நீங்கதானான்னு எனக்கு இன்னும் சந்தேகம். பருப்புச் சோத்தை விட்டுட்டு வடையைத் தூக்கிட்டுப் போற ஆள் இல்லையே நீங்க?

திதி கொடுக்க வந்த ஐயர் சொன்ன மந்திரத்துல குமரேசன் பேச்சு எதுவும் இல்லை. உங்களுக்குச் சேர வேண்டிய சேதியே அதுதான். அதனால நானே எழுதறேன். நாலு பேர் படிச்சாலும் பரவாயில்லை. இப்படி ஒரு தம்பி இருக்கற வீடு நம்ம வீடு ஒண்ணு மட்டும் இல்லை.

நீங்க போனப்போ அவன் வேலையில்லாம இருந்தான். டாக்டர் மனச்சிதைவுன்னு பேர் சொன்ன அந்த நோயோட மூணு பட்டறை ஏறி இறங்கியிருந்தான். அப்புறம் என்னோடயே வந்துட்டான். நாமக்கல் ரோட்டுல லாரிக்கு பாடி கட்டற ஒரு பட்டறையில எழுத்து வேலை கிடைச்சுது. வண்டி முகப்புல சாமி பேரு, கதவுல வண்டிக்காரர் பிள்ளைங்க பேரு, பின்னால ஹாரன் அடிக்கச் சொல்றது, எல்லாம் அவன் கைதான். ஒன்றரை வருஷமா ஒழுங்காப் போனான். அவனுக்கு நோய் இருக்கறது அங்க முதலாளி ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும். மத்தவங்களுக்குச் சொல்ல வேண்டாம்னு குமரேசன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டான்.

என் நோட்டு உங்களுக்குத் தெரியுமே. பால் கணக்கு எழுதின நோட்டுல இப்ப அவன் கணக்கு ஓடுது. எட்டாவதோட நின்னவ, மாத்திரை அட்டையைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்தைப் படிச்சுட்டேன். எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை இட்லி தின்னான், யார் கூடப் பேசினான், எல்லாத்துக்கும் கட்டம் போட்டு வெச்சிருக்கேன். ராத்திரி மாத்திரை ரெண்டும் என் கண் முன்னால விழுங்கணும். காலை மாத்திரைதான் தொந்தரவு. அது சாப்பிட்ட பின்னால போடறது. அவனோ ஏழு மணிக்கே கிளம்பிடுவான், பத்து மணி டீ நேரத்துலதான் டிபன் பாக்ஸைத் திறப்பான். அதனால அன்னிக்குத் தேதி போட்ட காலண்டர் தாளைக் கிழிச்சு, அதுலயே மாத்திரையை மடிச்சு டப்பாவோட வைப்பேன். சாயங்காலம் டப்பா காலியா வரும். தாளும் இருக்காது. நானும் டிக் போட்டுக்குவேன்.

ஆடி மாசம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆவணி பொறந்து பத்து நாள்ல அவன் மாற ஆரம்பிச்சான்.

தூக்கக் கட்டத்துல ஏழுன்னு இருந்தது நாலாச்சு, அப்புறம் மூணு. சாப்பிட உட்கார்ந்தா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். "பட்டறையில என்னைப் பத்தித்தான் பேசறாங்கக்கா. மிஷினை ஓட்டி உட்டுட்டுப் பேசறாங்க, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு" என்றான். ஒரு வண்டிக் கதவுல வண்டிக்காரர் மகள் பேரு எழுதினவன், எழுத்து கோணலா இருக்குன்னு நாலு தரம் அழிச்சு அழிச்சு எழுதியிருக்கான். வண்டிக்காரர் வந்து கத்திட்டுப் போனாராம்.

மாத்திரைக் கணக்குல ஒண்ணு கூடக் குறையலை. அட்டையில இருக்கறதும் நோட்டுல இருக்கறதும் அப்படியே ஒத்துப்போச்சு. அப்போ தப்பு எங்க? நம்ம வீட்டுல இல்லைன்னா, அந்தப் பட்டறையிலதான் இருக்கணும். என் புத்தி அப்படித்தான் ஓடுச்சு அப்பா.

அங்க ஆத்தூர்க்காரப் பையன் ஒருத்தன் பெயிண்ட் வேலைக்கு இருக்கான், செந்தில்னு பேரு. முப்பது வயசு இருக்கும். பட்டறைக்கு ஃபோன் பண்ணினா, நம்மூர் ஆளுங்க மாதிரி 'சரிங்க', 'இல்லைங்க'ன்னு 'ங்க' போட்டுப் பேச மாட்டான். எனக்கு அதுலயே பிடிக்கலை. இவன்தான் தம்பிக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துக் கெடுக்கறானோ? இல்லை கேலி பண்ணறானோ? ஒரு நாள் பட்டறை முன்னால நசுங்கின எலுமிச்சம்பழம் கிடந்ததைப் பார்த்துட்டு, யாரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு வீட்டுக்கு வந்து அழுதேன்.

உங்க மாப்பிள்ளை சிரிச்சார். "புது லாரி வெளிய போற இடத்துல எலுமிச்சம்பழம் இல்லாம, ரோஜாப்பூவா கிடக்கும்? நீ போலீஸ்ல சேர்ந்திருக்கோணும்."

அவர் சிரிச்சதும் எனக்குப் பிடிக்கலை. ஏன் சிரிக்கறார்னு அதையும் யோசிச்சேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பட்டறைக்கு எதிர்ல இருக்கற டீக்கடையில போய் நின்னுக்கிட்டேன். பட்டறைக் கேட்டு திறந்துதான் இருந்துச்சு. குமரேசன் ஏணி மேல நின்னு ஒரு வண்டி முகப்புல எழுதிட்டு இருந்தான். கீழே செந்தில் மரப்பலகை மேல காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில என் டிபன் பாக்ஸ். நான் காலையில தேங்காய் துருவி அரைச்ச சட்னியை விரலால வழிச்சுத் திங்கறான்.

ரோட்டை எப்படித் தாண்டினேன்னு தெரியாது.

"யாரு டப்பாடா இது?"

"குமரேசனோடதுக்கா."

"அவன் டப்பா உன் மடிக்கு எப்படி வந்துச்சு?"

"அவன்தான்கா குடுத்தான்."

"குடுத்தானா, நீ புடுங்கினியா? மனசு சரியில்லாத பிள்ளை, மாத்திரை போடறதுக்காக நான் கட்டிக் குடுக்கற சோறு. அதைப் புடுங்கித் திங்க உனக்கு வெக்கமா இல்ல?"

சொல்லி முடிச்ச பின்னாலதான் மிஷின் நின்னிருந்தது எனக்கு உறைச்சுது. ஆறு பேர் வேலையை விட்டுட்டு ஏணியைப் பார்த்துட்டு இருந்தாங்க. ஒன்றரை வருஷமா அவன் பொத்தி வெச்சிருந்ததை நான் ஒரே வாயில கொட்டிட்டேன்.

குமரேசன் ஒவ்வொரு படியா இறங்கினான். "எனக்குச் சந்தேகம் வந்தா மாத்திரை. உனக்கு வந்தா அதுக்குப் பேரு பாசமா?" ன்னு கேட்டான். கையில இருந்த பிரஷை வீசினான். அது புது வண்டியோட வெள்ளைக் கதவுல பட்டு, செவப்பா வழிஞ்சுது.

முதலாளி என்னைத் திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை. "ஏனுங்கம்மிணி, மொதல்ல தம்பியைக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போங்க. இந்த வண்டி நாளான்னிக்கு வெளிய போகோணும்" என்றார். வேலை இருக்கா, போச்சான்னு கேட்காமலே அவனைக் கூட்டிட்டு வந்தேன். அந்த வேலை போனா அவன் மறுபடியும் சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்னிக்குச் சாயங்காலம் செந்தில் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ள கூப்பிட்டும் வரலை. கையில ஒரு தகர டப்பா.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அவன் பிரஷ் டப்பாவைக் கழுவி வெக்கலாம்னு கவுத்தேன். இது அடியில இருந்துச்சு."

அத்தனையும் நான் மடிச்ச பொட்டலம். எண்ணினேன், பதினாலு. ஒவ்வொரு தாள்லயும் தேதி. ஒவ்வொரு தேதியும் ஒண்ணு சுபமுகூர்த்த நாளா இருந்துச்சு, இல்லைன்னா அதுக்கு முந்தின நாளா இருந்துச்சு.

"சாமி பேரு எழுதற அன்னிக்கு எழுதி முடிக்கற வரைக்கும் தண்ணியத் தவிர எதையும் வாயில வெக்க மாட்டான்கா. டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுபோனா நீங்க திட்டுவீங்களாம். அதான் எனக்குக் குடுப்பான். மாத்திரை இருந்தது எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"சாப்பிடக் கூடாதுன்னு அவனுக்கு யார் சொன்னது?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீங்கதானாமே?"

ஆமாம் அப்பா, நான்தான். அவன் முதல் தடவையா ஒரு வண்டி முகப்புல முருகன் பேரை எழுதப் போன அன்னிக்கு, சந்தோஷத்துல தலைகால் புரியாம, "சாமி பேரை எழுதற கைடா. எழுதி முடிக்கற வரைக்கும் பச்சைத் தண்ணியோட இரு"ன்னு சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு நாளைக்குத்தான் சொன்னேன். அவன் அதைச் சட்டமா எடுத்துக்கிட்டான். எப்பவாவது ஒரு வண்டின்னு இருந்த வரைக்கும் அது வெளிய தெரியலை. ஆடியில யாரும் புது வண்டி எடுக்க மாட்டாங்க. அந்த மாசம் பூரா ஒழுங்காச் சாப்பிட்டிருக்கான், மாத்திரையும் போட்டிருக்கான். ஆவணி பொறந்ததும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வண்டிங்க வரிசை கட்டுச்சு. எழுதி முடிக்க மூணு மணி ஆயிடும். பத்து மணி மாத்திரையை மூணு மணிக்குப் போடலாமான்னு அவனுக்குத் தெரியலை. எறியவும் மனசு வராம டப்பாவுல போட்டு வெச்சிருக்கான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?" ன்னு கேட்டேன்.

"நீ கேட்டாத்தான? நீ எண்ணிக்கிட்டுத்தான் இருந்த" என்றான்.

டாக்டர்கிட்டப் பொட்டலத்தோட போனோம். அவர் என்னைத்தான் முதல்ல பார்த்தார். "விரதம் இருந்தா எங்கிட்டக் கேளுங்க, நேரத்தை மாத்தித் தரேன். நீங்களா விடாதீங்க" என்றார். இப்ப அவன் கிளம்பும்போதே சாப்பிட்டுட்டுப் போடற மாதிரி மாத்திக் கொடுத்திருக்கார். அந்த விரதம் நான் சொன்னதுதான், இனி வேண்டாம்டான்னு அவன்கிட்டச் சொல்லிட்டேன். மூணு வாரம் வீட்டுல வெச்சிருந்தோம். தூக்கம் மறுபடியும் ஏழு மணி நேரத்துக்கு வந்துடுச்சு.

அந்த மூணு வாரமும் சாமி முன்னால விளக்கேத்தும்போது ஒண்ணு கேட்டுட்டே இருந்தேன். பட்டினியோட எழுதினாத்தான் என் பேரை ஏத்துக்குவேன்னு நீ எப்போ சொன்னே? நான் சொன்னதை எல்லாம் சாமி சொன்னதா எத்தனை காலமா நினைச்சுட்டு இருக்கேன்? உங்களுக்காவது தெரியுமா?

செந்திலைக் கூப்பிட்டு வெச்சுச் சோறு போட்டேன். மன்னிப்பும் கேட்டேன். ஆனாலும் பதினாலு நாள் அடுத்தவன் இட்லியைத் தின்னவன், ஒரு நாளாவது "நீ மத்தியானம் என்னடா திங்கற"ன்னு கேட்டிருக்க வேண்டாமா? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் போகலை. எனக்குள்ள இருக்கறது ஒரே நாள்ல போயிடுமா?

போன வாரம் தம்பியையும் கூட்டிக்கிட்டு முதலாளியைப் பார்க்கப் போனேன். கதவுல பட்ட பெயிண்டுக்கு என்ன செய்யணுமோ சொல்லுங்கன்னேன். "அதை அன்னிக்கே தேச்சு அடிச்சாச்சுங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தம்பி திங்கக்கிழமையில இருந்து வரட்டுங்க. எழுத்து அவனாட்ட எவனுக்கும் வராது. ஆனா ஒண்ணுங்கம்மிணி. நீங்க இந்தக் கேட்டுப் பக்கம் வரப்படாது. ஃபோனும் வேண்டாங்க. அவனுக்கு முடியலைன்னா நானே கூப்பிடறேன்" என்றார்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் வரக் கூடாதுன்னா, நான் பார்க்கக் கூடாதது உள்ள என்ன இருக்கு? நோய்க்காரப் பிள்ளையை இவ்வளவு பொறுமையா வெச்சுக்கறாரே, எதுக்கு? பஸ்ஸுல வர்றப்போ இதையே முணுமுணுத்துக்கிட்டு வந்தேன்.

ஜன்னலைப் பார்த்துட்டு இருந்த குமரேசன் திரும்பாமலே சொன்னான். "அவரைச் சந்தேகப்படாதக்கா. அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்."

ராசிபுரம் தாண்டற வரைக்கும் எனக்கு ஒரே கோபம்தான். இவனுக்காக நான் என்னென்ன விட்டேன்னு மனசுக்குள்ள பெரிய பட்டியலே ஓடுச்சு. அப்புறம் அவனே என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "அங்க இப்ப எல்லாருக்கும் தெரியும். இனி நானே நின்னுக்கிடணும்கா. நீ வந்து நின்னா, இவனால முடியாதுன்னுதான அவங்க நினைப்பாங்க?" என்றான். அதுக்குப் பதில் உங்ககிட்ட இருக்கா?

இன்னிக்குத்தான் அந்தத் திங்கக்கிழமை. நாலு இட்லி தின்னுட்டு, மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுட்டுக் கிளம்பினான். இப்ப மணி பத்து. இந்தக் கடுதாசி எழுதறதே, காலைக் கட்டிப்போட்டு உட்காரத்தான். ரெண்டு தரம் செருப்பு மாட்டி, ரெண்டு தரம் கழட்டிட்டேன்.

இனிமே சந்தேகப்பட மாட்டேன்னு உங்களுக்குச் சத்தியம் பண்ண முடியாது அப்பா. பொய்ச் சத்தியம் உங்களுக்குப் பிடிக்காது. பண்ண முடிஞ்சதைப் பண்ணறேன்: அவன் கூப்பிடாம அந்தக் கேட்டைத் தாண்ட மாட்டேன். சாயங்காலம் வந்ததும் அவன் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு எப்படிடா இருந்துச்சு?" ன்னு ஒரு தரம் கேட்பேன். அவன் என்ன சொல்றானோ, அன்னிக்கு அதுதான் கணக்கு.

குமரேசனுக்கு அக்கா,
உங்களுக்கு என்னைக்கும் மூத்த பிள்ளை.