நிறுத்திய பின் வரும் மின்சாரம்

ஃபோர்ட் வேய்ன்,
ஜனவரி 1966

அன்புள்ள லோர்னா,

நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் அப்பாவுக்கு இருமல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் இயந்திரம் இன்னும் பிடிகொடுக்கவில்லை. இரும்புக் கோளத்தின் நடுவில் ஒரு சின்னக் கம்பிக்கூண்டு. அதற்கு மிக உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்து, அணுக்களை உள்ளே இழுத்து இணைக்கப் பார்க்கிறோம். கம்பி மெலிதானால் உருகுகிறது; தடித்தால் அணுக்கள் அதிலேயே மோதி வீணாகின்றன.

செவ்வாயன்று உருகிய கூண்டை மாற்றப் போனோம். மின்சாரத்தை நிறுத்தி, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரில் தங்கும் மிச்சத்தைத் தரைக்கு இறக்கும் கொக்கியை மாட்டினேன். மின்னழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வந்தது. இடைஞ்சலாக இருந்த கொக்கியைக் கழற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்து கூண்டுக்குப் போகும் மின்கம்பியை நோக்கிக் கை நீட்டியபோது, முன்கை முடியெல்லாம் எழுந்து அதன் பக்கம் சாய்ந்தது.

"யோவ் ஆர்வின், கைய எடுய்யா!" என்று கூட வேலை செய்யும் வெண்டல் என் கைமுடியைப் பார்த்துக் கத்தினான். அவன் கொக்கியை மறுபடி மாட்டியதும் நீலப் பொறி வெடித்தது.

"சுவிட்ச யாருய்யா போட்டது?" என்றேன்.

"யாரும் போடல. கெப்பாசிட்டருக்குள்ள ஊறிக் கெடந்தது தானா வெளிய வந்திருக்கு. செத்துட்டான்னு நெனச்சு நீ காப்பி குடிக்கப் போயிட்ட. அவன் எந்திரிச்சு உக்காந்துட்டான்."

சிரித்தோம். அதன்பின் கூண்டை மாற்றி முடிக்கும்வரை கொக்கியைக் கழற்றவில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். ஒன்றே ஒன்று: என் அரைக்கைச் சட்டைகளை அனுப்பிவை. பனிக்காலத்தில் எதற்கு என்று கேட்காதே. அன்று நான் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தது தற்செயல்தான்.

உன்
ஆர்வின்