நமக்கு ஏது சித்தி

அன்புள்ள அக்கா,

பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு எழுதுகிறேன். நலம் விசாரிக்கக்கூடத் தெம்பில்லை.

குழந்தைக் கடத்தலைத் தடுக்கும் சட்டத்தை எழுதுகிற குழுவில் இருக்கிறேன். மூன்று வருட இழுபறி. உறவினரே ஆனாலும் பிள்ளையை வேலைக்குக் கொண்டுபோய் விட்டால் குற்றம் என்ற விதியை இன்று எடுத்துவிடப் பார்த்தார்கள்.

"சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போறதெல்லாம் கடத்தலாம்மா?" என்று தலைவர் சிரித்தார்.

"என்னை ஒம்பது வயசுல வீட்டு வேலைக்குக் கொண்டுபோய் விட்டதும் சொந்தக்காரங்கதான் சார்," என்றேன். அந்த வீட்டைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"யாரும்மா விட்டது?" என்று மட்டும் தலைவர் கேட்டார்.

"சித்தி," என்றேன். நமக்கு ஏது சித்தி!

விதி தப்பியது. நான் பேசியது நாளைக்குச் செய்தித்தாளில் வரலாம். பார்த்துப் பதறாதே.

அன்றைக்குப் பேருந்தில் நீ என் கையை விடவே இல்லை. கொண்டுபோய் விடச் சொன்னது அம்மா. உனக்கு அப்போது பதினைந்து வயது. பதினெட்டு நிரம்பாத எல்லோரும் குழந்தைதான் என்று அந்தச் சட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், அக்கா. எழுதும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உன் தங்கை