முனியப்பனுக்கு ஒரு கலயம்

பங்குனி 4

காலையிலேயே சுள்ளென்று வெயில். மிளகாய் காயப்போட்டேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்தினேன். தலைவலி.

சந்தையில் பள்ளிபாளையம் முனியப்பன் கோயில் பூசாரி. பார்க்காத மாதிரி போயிருக்கலாம். "ஏனம்மிணி, கலயம் என்னாச்சு? சாமி கேட்டுக்கிட்டே இருக்குது" என்றார், வெங்காயக்காரி காதில் விழும்படி.

வேண்டுதல் என்னுடையதுதான். போன ஆடியில் என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து கிடந்த அன்று வேண்டினேன். இவர் குடியை விட்டால் உனக்கு ஒரு கலயம் நல்ல பனங்கள் படைக்கிறேன் முனியப்பா என்று. அந்தச் சாமிக்கு வேறு என்ன பிடிக்கும்? புரட்டாசியில் சர்க்கார் சேலம் ஜில்லா முழுக்கக் கள்ளுக்கடைகளை மூடியது. இவரும் விட்டார். செய்தது சாமியா, சர்க்காரா, தெரியாது. நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதான். படைக்காவிட்டால் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வாரோ என்று பயம். கள்ளுக்கு எங்கே போவது?

இவர் நெய்கிற தறிச் சத்தம் நின்றது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தறி நின்றால் போதும், ஆள் குடிக்கக் கிளம்பிவிட்டாரோ என்று ஓடுகிறேன்.

பங்குனி 6

ஆற்றுக்கு அக்கரை கோயமுத்தூர் ஜில்லா. அங்கே இந்தச் சட்டம் இல்லை. பரிசல் ஏறினால் கிடைக்கும். ஆனால் எந்தக் கள் நல்ல கள்? தலைமை ஆசிரியை அம்மாவிடமா கேட்பது. விஷயம் தெரிந்த ஆள் ஒரே ஒருவர். என் வீட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறார்.

கேட்கக் கூடாது. கேட்கவே கூடாது.

பங்குனி 7

கேட்டுவிட்டேன்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "எனக்கோசரமா வேண்டுன?" என்றார். பிறகு பேச ஆரம்பித்தார். புரட்டாசியிலிருந்து ஆமாம், இல்லை தவிர வாய் திறக்காத மனிதர்.

"ஈரோட்டுக் கடைக்கள்ளு வேண்டாம். தண்ணி ஊத்துவான். ஆத்தோரத் தென்னங்கள்ளு சும்மா இனிச்சுக் கெடக்கும், சாமிக்கு ஆவாது. அக்கரையில தெக்கால போனா செம்மண் காடு. அங்க பனை ஒண்ணொண்ணும் தனித்தனியா நிக்கும். மரத்துலிருந்து எறக்குன கையோட வாங்கோணும்." கொடுமுடிப் பக்கம் எப்படி, எருமப்பட்டியில் அந்தக் காலத்தில் எப்படி, ஈச்சங்கள் எந்த மாதம் என்று சோறு காயக் காயச் சொன்னார்.

கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. பொறாமையாக இருந்தது. ஒரு பானையின் மேல் பொறாமை. கூடவே பயம். ரசம் உப்பு.

பங்குனி 10

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்துப் பூசாரியைப் பார்த்தேன். இக்கரைக்குக் கொண்டுவந்தால் ஜெயிலாம். "சாமி அக்கரைக்கு வந்துரும் அம்மிணி. ஒரு கல்லு நட்டு மஞ்சத் தடவிக் கூப்புட்டா போதும். சட்டமெல்லாம் நமக்குத்தான்." மனது லேசானது.

திரும்பும்போது கூப்பிட்டு இன்னொன்று சொன்னார். யாருக்காக வேண்டினோமோ அவர் பனையோலையை மடித்த ஒரு பட்டை அளவாவது குடிக்க வேண்டுமாம். பிரசாதம்.

குடியை விட்டதற்குப் படையல். படையல் முடிய அவர் குடிக்க வேண்டும். என்ன புத்தியில் வேண்டினேனோ. பொங்கல் என்று வேண்டியிருக்கலாம். புடவை என்று வேண்டியிருக்கலாம். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பங்குனி 12

ஞாயிறன்று பூசாரியோடு நாங்கள் இருவரும் அக்கரைக்கு. எடுத்து வைக்க: மஞ்சள், திருநீறு, தேங்காய், எலுமிச்சை, சுருட்டு, புதுக் கலயம்.

வகுப்பில் ஒரு குழந்தையைக் காரணமில்லாமல் அதட்டினேன். இவர் சவரம் செய்துகொண்டார். வேட்டியைத் தானே துவைத்தார். தேருக்குப் போகிற பிள்ளை மாதிரி நாளை எண்ணுகிறார். போக வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

பங்குனி 14, ஞாயிறு

முதல் பஸ். ஆற்றில் தண்ணீர் குறைவு. பரிசலில் வைத்து இவரிடம் பிரசாத விஷயத்தைச் சொன்னேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

செம்மண் காடு. கள் இறக்குபவர் பனையிலிருந்து கலயத்தோடு இறங்கி வந்தார். "நேத்து மிச்சத்தைக் கலந்துருவாங்க. ஆராச்சும் ருசி பாக்கோணும்" என்றார் இவர். பூசாரி படையல் முடியும் வரை விரதம். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இவர் வேலியோரம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தனிப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். கண்ணை மூடிக் குடித்தேன்.

"நாக்கு நுனியில சுருக்குங்குதா?" என்றார் அங்கிருந்தே.

"ஆமாங்க."

"தொண்டையில கரகரப்பு?"

"இல்லீங்க."

"முழுங்குன பொறவு இனிக்குதா?"

யோசித்தேன். "இனிக்குதுங்க."

"அதான். அதையே வாங்கு." திரும்பவே இல்லை.

கல் நட்டு, கலயம் வைத்து, தேங்காய் உடைத்தாயிற்று. பூசாரி பட்டையில் ஊற்றி நீட்டினார். இவர் இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினார். "எனக்கு வாய்க்குப் போனா நிக்காதுங்க பூசாரி."

பூசாரி தலையைச் சொறிந்தார். "திருச்செங்கோட்டு மலையில சாமியே பாதி பொம்பள. அம்மிணி குடிச்சாலும் சரிதான்."

குடித்தேன். மீதிக் கலயத்தோடு பூசாரி அங்கேயே தங்கிவிட்டார். வெயில் தாழ வருவாராம்.

இக்கரைத் துறையில் போலீஸ்காரர் இறங்குகிற ஆண்களை எல்லாம் ஊதச் சொன்னார். இவரும் ஊதினார். சுத்தம். பள்ளிக்கூட டீச்சரை யார் ஊதச் சொல்வார்கள்? முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். மணல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லார் எதிரிலும் இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறியதும் சிரிக்க ஆரம்பித்தவர் ஊர் வரும் வரை நிறுத்தவில்லை.

பங்குனி 15

தலை கனம். பள்ளிக்கூடத்தில் ஏழெட்டு ஐம்பத்தாறா, அறுபதா என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். மிளகாயை அள்ளி வைத்தாயிற்று.

கள் நன்றாகத்தான் இருந்தது. எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்? வாய்க்காலில் கிடந்ததை நினைத்தால் விட வேண்டுமென்று வேண்டியது சரிதான். இருந்தாலும் அவர் விட்டது எவ்வளவு என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. இத்தனை நாள் அதைத் தறிக்குழியில் தனியாக உட்கார்ந்து பொறுத்திருக்கிறார். நான் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தறி நின்றது. வழக்கம்போல எட்டிப் பார்க்கப் பேனாவை வைத்தேன். எழுந்திருப்பதற்குள் அவரே வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்கிறார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சத்தத்தையே காணமேன்னு பாத்தேன். அக்கரைக்குக் கெளம்பிட்டயோன்னு."